காளான் சமைப்போம், வெப்பவியல் கற்போம்

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்ததும் புழக்கடையிலும், வைக்கோல் போரின் அடியிலும், பட்டுப்போன மரத்தின் தூரிலும் சின்னஞ்சிறு குடைகள் விரிந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நேற்று மாலை அங்கே ஒன்றுமே இல்லை. இன்று காலை விரல் உயரத்திற்கு நிற்கின்றன! காய்கறிக் கடைக்குப் போனால் அங்கேயும் காளான் இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற மொட்டுகளாக, 200 கிராம் பொட்டலங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் கடையில் இருப்பது நல்ல உணவு. புழக்கடையில் முளைத்தது உணவாகவும் இருக்கலாம், உயிரைக் குடிக்கும் நஞ்சாகவும் இருக்கலாம். "எந்தக் காளானாக இருந்தால் என்ன? நன்றாக வேகவைத்து, மஞ்சள் தூளும் பூண்டும் போட்டுவிட்டால் ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது சரிதானா?

விடை காண வேண்டுமானால், அடுப்பில் வைத்த காளானை நெருப்பு என்னதான் செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். கடையில் வாங்கிய காளான் ஒரு பொட்டலம், ஒரு வாணலி, சிறிது உப்பு, சிறிது எண்ணெய், பள்ளியில் நீங்கள் படித்த வெப்பவியல் பாடம், இவை போதும். சமைத்துக்கொண்டே தெரிந்துகொள்வோம், வாருங்கள்.

காளான் என்பது என்ன?

சமையலறையில் காளானைக் காய்கறியோடு சேர்த்து வைக்கிறோம். ஆனால் அது காயுமல்ல, கனியுமல்ல. தாவரமே அல்ல. அதில் பச்சையம் கிடையாது. ஆகவே சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே செய்துகொள்ள அதனால் முடியாது. மக்கிய வைக்கோல், மரம், சாணம் போன்றவற்றில் நூலினும் மெல்லிய இழைகளைப் பரப்பி, அவற்றைச் செரித்து வாழும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது அது. மண்ணுக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் பரவியிருக்கும் அந்த இழைகளே பூஞ்சையின் உடல். நம் கண்ணுக்குத் தெரியும் குடை, அது தன் வித்துகளைக் காற்றில் தூவுவதற்காக எழுப்பும் உறுப்பு மட்டுமே.

ஒரே இரவில் அது எப்படி எழும்புகிறது? குடையின் சிறு வடிவம் மண்ணுக்கடியில் முன்னரே உருவாகிக் காத்திருக்கும். மழை பெய்து ஈரம் கிடைத்ததும் அதன் செல்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. நாம் வளர்ச்சி என்று எண்ணுவதில் பெரும்பகுதி உள்ளே நீர் நிரம்புவதுதான்.

இதனால் மொட்டுக் காளானின் எடையில் ஏறக்குறைய 92 விழுக்காடு நீராக இருக்கிறது. உங்கள் 200 கிராம் பொட்டலத்தில் 184 கிராம் தண்ணீர்! எஞ்சிய 16 கிராமில்தான் புரதம், மாவுச்சத்து போன்ற சர்க்கரைப் பொருள்கள், நார்ப்பொருள், தாது உப்புகள் எல்லாம் அடங்கியுள்ளன. 100 கிராம் காளானில் புரதம் சுமார் 3 கிராம், கொழுப்பு அரை கிராமுக்கும் குறைவு.

காளானில் இன்னொரு பொருளும் நிறைய இருக்கிறது. அது காற்று. ஒரு காளானைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். இழைகள் பஞ்சு போலப் பின்னியிருக்க, அவற்றின் இடைவெளிகளில் காற்று நிறைந்திருப்பதே காரணம். நீர், காற்று ஆகிய இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காளான் சமையலின் நுட்பங்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன.

கழுவலாமா, கூடாதா?

"காளானைத் தண்ணீரில் கழுவாதே, பஞ்சு போல நீரைக் குடித்துவிடும்" என்று பல சமையல் நூல்கள் கூறும். அமெரிக்க எழுத்தாளர் ஹெரால்டு மெக்கீ இதை அப்படியே நம்பிவிடவில்லை. காளானை எடை போட்டார், நீரில் ஊறவைத்தார், மறுபடியும் எடை போட்டார். கூடிய எடை மிகச் சிறிதாகவே இருந்தது. 1990இல் வெளிவந்த தம் நூலில் இதை அவர் விளக்கியிருக்கிறார்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசு போதும். முழுக் காளான் 100 கிராம் எடுத்து ஐந்து நிமிடம் நீரில் போட்டு, எடுத்துத் துணியால் ஒற்றி மீண்டும் நிறுத்துப் பாருங்கள். காளானுக்குள் முன்பே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை எண்ணினால், புதிதாகச் சேர்வது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆகவே மண்ணும் தூசியும் போகக் கழுவிவிட்டு, ஈரத்தை ஒற்றி எடுங்கள். நறுக்கிய பிறகு கழுவ வேண்டாம். மேல்தோல் வெட்டுப்பட்ட துண்டில் நீர் எளிதாகப் புகும்.

நறுக்கிய துண்டுகள் சிறிது நேரத்தில் பழுப்பாவதைக் காண்பீர்கள். வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதற்கு உள்ள அதே காரணம்தான். வெட்டுப்பட்ட செல்களிலிருந்து வெளிப்படும் நொதி ஒன்று, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு நிறப்பொருளை உண்டாக்குகிறது. சில துளி எலுமிச்சைச் சாறு தெளித்தால் அமிலம் அந்த நொதியை மந்தப்படுத்தும்.

வாணலியில் ஒரு வெப்பக் கணக்கு

இனி அடுப்புக்கு வருவோம். முதல் முறை காளான் சமைப்பவர்கள் ஏமாற்றம் அடைவது இங்கேதான். சூடான வாணலியில் துண்டுகளைப் போட்டதும் சொய்யென்று ஓசை எழும். ஒரு நிமிடம் கழிவதற்குள் ஓசை அடங்கி, அடியில் தண்ணீர் தேங்கி, எல்லாம் சளசளவென்று கொதிக்கத் தொடங்கும். வறுவலாக வேண்டியது குழம்பாகிவிடும். ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிராம் காளான் 30 டிகிரி செல்சியசில் இருக்கிறது. அதை 100 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். பெரும்பகுதி நீராக இருப்பதால், ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4 ஜூல் வெப்பம் தேவை என்று கொள்ளலாம்.

200 × 4 × 70 = 56,000 ஜூல்.

அடுத்து, காளானில் உள்ள நீரில் 100 கிராமை மட்டும் ஆவியாக்க விரும்புகிறோம். கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் நீரை ஆவியாக மாற்ற 2,260 ஜூல் வேண்டும். ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் படித்தது இதைத்தான். பழைய பாடநூல்களில் மறை வெப்பம் என்று இருக்கும்.

100 × 2,260 = 2,26,000 ஜூல்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காளானைச் சூடாக்கச் செலவாகும் வெப்பத்தைப் போல நான்கு மடங்கு, அதன் நீரில் பாதிக்குச் சற்றே கூடுதலானதை ஆவியாக்குவதற்குச் செலவாகிறது! வாணலி வழியாக நொடிக்கு 1,000 ஜூல் வெப்பம் காளானைச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், சூடேற ஒரு நிமிடத்திற்கும் குறைவு. நீர் வற்ற ஏறக்குறைய நான்கு நிமிடம். காற்றில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் உண்மையில் எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும்.

இந்த நான்கு நிமிடங்களும் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கின்றன. துண்டுகளைச் சுற்றி நீர் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் நீர் விரைவாக ஆவியாகுமே தவிர, அதன் வெப்பநிலை உயராது. கடல் மட்டத்தில் நிலைமை இது. மொட்டுக் காளான் வளர்க்கும் நீலகிரியில், உதகமண்டலத்தில், காற்றழுத்தம் குறைவாதலால் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.

இப்போது இரண்டு பொட்டலங்களை ஒரே வாணலியில் கொட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். தேவைப்படும் வெப்பம் இரண்டு மடங்கு ஆகிறது. அடுப்போ அதே அடுப்பு. மேலே குவிந்த துண்டுகள் கீழிருந்து எழும் ஆவியையும் மறித்துக்கொள்கின்றன. வற்ற வேண்டிய நீர் தேங்கி நிற்கிறது. வாணலியை மூடினாலும் இதே கதைதான். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளிகளாகி, மறுபடியும் உள்ளேயே விழும். வறுவல் வேண்டுமானால் அகலமான வாணலி, ஓர் அடுக்குத் துண்டுகள், திறந்த வாய், இவை மூன்றும் தேவை. குழம்புக்கு என்றால் தாராளமாக மூடி வையுங்கள். ஆனால் ஊறி வந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சுவைப் பொருள்களும் சில வைட்டமின்களும் பொட்டாசியமும் அதில்தான் கரைந்திருக்கின்றன.

எண்ணெய் எப்போது?

தாளிப்பதற்கு முதலில் எண்ணெய் ஊற்றுவது நம் வழக்கம். காளானுக்கு இந்த வரிசையைச் சற்று மாற்றுவது நல்லது. கத்தரிக்காய் வதக்கும்போது ஊற்றிய எண்ணெய் எல்லாம் காணாமற் போவதைக் கண்டிருப்பீர்கள். காற்று நிறைந்த இடைவெளிகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதே அதற்குக் காரணம். காளானிலும் இதுவே நடக்கும்.

ஆகவே எண்ணெய் இல்லாமலே தொடங்குங்கள். சூடு ஏறும்போது இழைப் பின்னல் தளர்ந்து காற்று வெளியேறுகிறது, நீரும் வெளியேறுகிறது, துண்டுகள் சுருங்குகின்றன. இடைவெளிகள் இவ்வாறு அமுங்கிய பிறகு எண்ணெய் ஊற்றினால் அது புகுவதற்கு இடம் குறைவு. இரண்டு தேக்கரண்டி எண்ணெயிலேயே வேலை முடிந்துவிடும். முதலில் ஊற்றியிருந்தால் நான்கு தேக்கரண்டி கேட்கும்.

ஒரு சிட்டிகை உப்பை முதலிலேயே தூவலாம். உப்பு, துண்டின் வெளிப்புறத்தில் அடர்ந்த கரைசலை உண்டாக்குகிறது. செல்களுக்குள் இருக்கும் நீர் சவ்வூடு பரவலால் அதை நோக்கி வெளியே வருகிறது. ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் நீர் விட்டுக்கொள்கிறதே, அதே விதி.

பொன்னிறம் எங்கிருந்து வருகிறது?

நீர் வற்றியதும் வாணலியின் ஓசை மாறும். சளசளப்பு போய்ச் சுருசுருவென்ற மெல்லிய ஒலி எழும். காதால் கேட்டே வெப்பநிலையை அறியும் கட்டம் இது! ஆவியாவதற்கு நீர் இல்லாததால், வரும் வெப்பம் முழுவதும் இனித் துண்டுகளின் மேற்பரப்பைச் சூடாக்கும். 140 டிகிரியை நெருங்கும்போது புரதங்களிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் ஒன்றோடொன்று வேகமாக வினைபுரிந்து, பழுப்புப் பொருள்களையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. தோசையின் முறுகல், வறுத்த காப்பிக்கொட்டையின் மணம், ரொட்டியின் மேலோடு ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த வினை இருக்கிறது. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் லூயி கமீல் மயாரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது.

நீரில் வேகவைத்த காளான் வெளுப்பாகவும், வறுத்த காளான் பொன்னிறமாகவும் இருப்பது ஏன் என்பது இப்போது விளங்கிவிட்டது அல்லவா? முன்னது 100 டிகிரியைத் தாண்டவில்லை, பின்னது தாண்டிவிட்டது.

காளானுக்கு இறைச்சி போன்ற ஒரு சுவை இருப்பதாகச் சொல்வார்கள். அதற்கு முதற்காரணம் அதிலுள்ள குளுட்டாமிக் அமிலம். ஜப்பானிய வேதியியலார் கிகுனே இகேடா 1908இல் ஒருவகைக் கடற்பாசியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, இது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். தக்காளியிலும் இது உண்டு. நீர் வற்ற வற்ற இந்தச் சுவை செறிவடைகிறது.

குழையாத காளான்

வெண்டைக்காயையோ உருளைக்கிழங்கையோ அடுப்பில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் மறந்துவிட்டால் குழைந்துபோகும். காளான் அப்படிக் குழைவதில்லை. கூடுதலாகப் பத்து நிமிடம் இருந்தாலும் மெல்லுவதற்குப் பதமாகவே இருக்கும். சமையல் பழகுவோருக்கு இதைவிடப் பொறுமையான பண்டம் வேறு இல்லை.

காரணம் செல் சுவரில் இருக்கிறது. தாவரங்களின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது பெக்டின் என்ற பசை. வெந்நீரில் அது கரைந்துவிடும், காய் குழையும். காளானின் செல் சுவர் கைட்டின் என்ற பொருளைக் கொண்டு கட்டப்பட்டது. அது கொதிநீரில் கரைவதில்லை. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் வண்டுகளின் மேலோட்டிலும் உள்ள அதே கைட்டின்தான்! பிரான்சின் நான்சி நகரில் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஆன்ரி பிராக்கொனோ 1811இல் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது காளானிலிருந்துதான். பின்னர் 1823இல் ஒடியே என்பவர் பூச்சிகளின் உடலில் இதைக் கண்டு, மேலாடை என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து கைட்டின் என்று பெயரிட்டார்.

இனிச் சமைப்போம்

வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. வாங்கும்போது வெண்மையாக, கெட்டியாக, பிசுபிசுப்பு இல்லாமல் இருக்கும் காளானைத் தேர்ந்தெடுங்கள். கெட்ட வாடை வந்தால் விட்டுவிடுங்கள். உடனே சமைக்காவிட்டால் காகிதப் பையில் இட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். பறித்த பின்னும் காளான் சுவாசித்து ஈரத்தை வெளியிடும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் அந்த ஈரம் துளிர்த்து அதை அழுகச் செய்யும்.

2. கழுவி, ஒற்றி, அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே கனமாக இருக்கட்டும். ஒரு பொருளின் நடுப்பகுதிவரை வெப்பம் பரவ ஆகும் நேரம் கனத்தின் இருமடிக்கேற்ப உயரும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு!

3. அகலமான இரும்பு வாணலியையோ தோசைக்கல்லையோ சூடாக்குங்கள். சில துளி நீரைத் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று குமிழியிட்டு மறைந்தால் சரியான சூடு. துளிகள் மறையாமல் முத்துகளைப் போல உருண்டோடினால் சூடு மிகுதி. கல்லுக்கும் துளிக்கும் நடுவே மெல்லிய ஆவிப்படலம் தோன்றித் துளியைத் தாங்கிக்கொள்வதால் அப்படி உருள்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756இல் இதை ஆராய்ந்து எழுதினார். சுமார் 200 டிகிரிக்கு மேல் இது நிகழும். அப்போது அடுப்பைத் தணித்துச் சற்றுப் பொறுங்கள்.

4. எண்ணெய் இல்லாமல் துண்டுகளை ஓரடுக்காகப் பரப்பி, ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். நீர் ஊறி வரும். கவலைப்படாமல் அதை வற்ற விடுங்கள்.

5. ஓசை மாறியதும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறு, நசுக்கிய பூண்டு இரண்டு பல், கறிவேப்பிலை சேர்த்து வதக்குங்கள்.

6. துண்டுகளின் ஓரம் பொன்னிறமானதும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்க்கலாம். சோற்றுக்கும் சப்பாத்திக்கும் ஏற்ற காளான் மிளகு வறுவல் தயார்.

மொட்டுக் காளானைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். அதில் அகாரிட்டின் என்ற விரும்பத்தகாத பொருள் சிறிதளவு இருக்கிறது. சமைக்கும்போது அது பெருமளவு குறைந்துவிடும். சிப்பிக் காளானையும் பால் காளானையும் இதே முறையில் சமைக்கலாம். பால் காளான் நம் சமவெளி வெயிலுக்கு ஏற்றது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பயிரிடும் முறையை உருவாக்கிப் பரப்பியிருக்கிறது. இவற்றின் தண்டு சற்றுத் தடித்து நாராக இருந்தால் மெல்லியதாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

நெருப்பால் முடியாதது

நாம் தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். வேகவைத்தால் நஞ்சு போய்விடுமா?

நெருப்பு நோய்க்கிருமிகளைக் கொல்கிறது. கொதிக்கவைத்த நீர் பாதுகாப்பானது என்று படித்திருக்கிறோம். அகாரிட்டின் குறைவதையும் பார்த்தோம். இவற்றைக் கண்டு, எல்லா நஞ்சையும் நெருப்பு அழித்துவிடும் என்று எண்ணிவிடுகிறோம். தவறு இங்கேதான் நிகழ்கிறது.

முட்டையைச் சூடாக்கினால் இறுகுகிறது. முட்டையின் புரதங்கள் பல நூறு அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலிகள். அவை ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும். வெப்பம் அந்த மடிப்பைக் குலைத்துவிடுகிறது. கிருமிகளும் இப்படியே தம் புரதங்களின் வடிவம் குலைந்து மடிகின்றன. ஆனால் உலகில் காளானால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமனிட்டின் என்ற நஞ்சின் அமைப்பு வேறு. எட்டே எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகப் பிணைந்த சிறிய மூலக்கூறு அது. குலைவதற்கு அதில் நீண்ட மடிப்பு ஏதும் இல்லை. அதன் உருகுநிலையே 250 டிகிரிக்கு மேல். நீர் இருக்கும்வரை நம் குழம்பு 100 டிகிரியைத் தாண்டாது என்று மேலே கணக்கிட்டோமே! கொதிக்கவைத்தாலும், வறுத்தாலும், வெயிலில் உலர்த்தினாலும், உறையவைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. மஞ்சள், புளி, பூண்டு எதுவும் அதை முறிக்காது.

அமனிட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்த சில காளான்களில் இந்த நஞ்சு உண்டு. அவற்றில் மிகக் கொடியது மரணத் தொப்பி என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலத்தில் அழைக்கப்படுவது. ஒரு குடையில் பாதியே ஓர் ஆளைக் கொல்லப் போதுமானது. அது கசக்காது. நாற்றமும் அடிக்காது. உண்டவர்களுக்கு உடனே ஒன்றும் தெரிவதும் இல்லை. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு ஒரு நாள் நலமடைந்தது போலத் தோன்றும். அந்த வேளையிலும் நஞ்சு கல்லீரலின் செல்களில் புதிய புரதங்கள் உருவாகாமல் தடுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த சில நாள்களில் கல்லீரல் செயலிழந்துவிடும்.

2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளான் உண்ட 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த எளிய மக்கள். பசிக்கு உணவாகச் சமைத்துத்தான் உண்டார்கள். 2011ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தொழில்முறைச் சமையற்காரர் ஒருவர் தாம் சேகரித்த காளானைச் சமைத்து நண்பர்களோடு உண்டார். அவரும் இன்னொருவரும் சில நாள்களில் இறந்தார்கள். ஆசிய நாடுகளில் விரும்பி உண்ணப்படும் வைக்கோல் காளான் என்று மரணத் தொப்பியைத் தவறாக எண்ணியிருக்கக்கூடும் என்றார்கள். இரண்டுமே இளமையில் முட்டை வடிவில் இருக்கும். 1940களிலேயே கோவையில் பயிரிடும் முயற்சி நடந்த, நமக்கு நன்கு அறிமுகமான காளான்தான் வைக்கோல் காளான். சமையலையே தொழிலாகக் கொண்டவரின் நெருப்பும் அந்த நஞ்சை ஒன்றும் செய்யவில்லை.

நச்சுக் காளானைக் கண்டறியச் சில வழிகள் சொல்லப்படுகின்றன. வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கறுக்கும் என்பது ஒன்று. வெள்ளியைக் கறுக்கச் செய்பவை சில கந்தகச் சேர்மங்கள். அவித்த முட்டைகூட வெள்ளிக் கரண்டியைக் கறுக்கச் செய்யும். முட்டை நஞ்சா? அமனிட்டின் இருக்கும் காளானில் வெள்ளி பளபளப்பாகவே இருக்கும். பூச்சி அரித்திருந்தால் உண்ணலாம் என்பது இன்னொன்று. நத்தைகளும் புழுக்களும் மரணத் தொப்பியையும் தின்று உயிரோடு இருக்கின்றன. அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. வெள்ளையாக இருந்தால் நல்லது, தோல் எளிதாக உரிந்தால் நல்லது என்பனவும் இத்தகையவையே. இவற்றில் ஒன்றையும் நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

எங்கள் ஊரில் புற்றுக் காளான் பறித்துத் தலைமுறை தலைமுறையாக உண்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கறையான் புற்றோடு சேர்ந்து வளரும் அது சுவையான காளான். அதை உண்பவர்களைக் காப்பது இன்ன காளான் இதுதான் என்று அடையாளம் காணும் நீண்ட பழக்கம். அவர்கள் அடுப்பின் வெப்பம் அன்று. அந்தப் பழக்கம் இல்லாத நீங்கள், மழைக்கு முளைத்ததைப் பறித்துச் சமைக்க முற்படாதீர்கள். யாராவது உண்டு உடல்நலம் கெட்டால், வாந்தி நின்றுவிட்டது என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதியிருக்கும் காளானையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

செய்து பாருங்கள்

1. நறுக்கிய காளான் 200 கிராமை எண்ணெய் இல்லாமல் வாணலியில் வதக்கி, நீர் வற்றியதும் எடை போடுங்கள். எத்தனை கிராம் நீர் ஆவியாயிற்று? அதற்கு எத்தனை ஜூல் வெப்பம் செலவாயிற்று? ஆன நேரத்தைக் கொண்டு, உங்கள் அடுப்பிலிருந்து நொடிக்கு எத்தனை ஜூல் காளானைச் சேர்ந்தது என்று கணக்கிடுங்கள்.

2. சம எடையுள்ள இரண்டு பங்குகளை எடுத்து, ஒன்றைத் திறந்த வாணலியிலும் மற்றொன்றை மூடிய வாணலியிலும் ஒரே நேரம் சமையுங்கள். எடை, நிறம், மணம் மூன்றையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

3. ஒரு பங்குக்கு எண்ணெயை முதலிலும், இன்னொரு பங்குக்கு நீர் வற்றிய பின்னும் ஊற்றுங்கள். துண்டுகளை எடுத்த பிறகு வாணலியில் எஞ்சும் எண்ணெய் எதில் அதிகம்?

4. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம், எந்தக் காளானை உண்பார்கள், அதை எப்படி அடையாளம் காண்பார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சொன்னதில் வடிவம், முளைக்கும் இடம், காலம் ஆகியவற்றைப் பற்றியவை எவை, சமைக்கும் முறையை நம்பியவை எவை என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாம் பட்டியலை வகுப்பில் படித்துக் காட்டி, அவை ஏன் பயன்படா என்பதை உங்கள் நண்பர்களுக்கு விளக்குங்கள்.